வுஸ்தாவும் கின்ஸிரும்: ஒரு கிதார்க் கூட்டின் வரலாறு

நம் ஊராகிய அனுமந்தன்பட்டி, உத்தமபாளையத்திற்கும் கம்பத்திற்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர். நெல்லும் தென்னையும் திராட்சைப் பந்தலும் சூழ்ந்த இவ்வூரில், மாலை மதரஸாவில் ஓதிக் கொடுப்பது நெடுங்காலமாக நம் பணியாக இருந்து வருகிறது. ஆண்டுகள் சில சென்றுவிட்டன. ஒருநாள் பாடம் முடிந்த பின்னர், நம்மிடம் அரபிப் பாடம் கேட்டுக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி நின்றான். வளைகுடா நாட்டிலிருந்து வந்த அவன் அண்ணன் அவனுக்கு ஒரு கிதார் வாங்கி வந்திருந்தார். "ஹஜ்ரத், இது வெள்ளைக்காரன் கருவிதானே? நமக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?" என்று கேட்டான். நாம் அவன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "ஒரு சம்பந்தமும் இல்லை, போய்ப் பாடத்தைப் பார்" என்று அனுப்பிவிட்டோம்.

அவன் கேட்டது இரு கேள்விகள் என்பது அன்று நமக்கு உறைக்கவில்லை. ஒன்று மார்க்கச் சட்டம் பற்றியது. நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பான்மை அறிஞர்கள் நரம்புக் கருவிகளை விலக்கியே பேசியிருக்கிறார்கள் என்பதும், ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு ஹஸ்ம் (மறைவு ஹிஜ்ரி 456, கி.பி. 1064) அதற்கு மாறான கருத்துக் கொண்டிருந்தார் என்பதும் ஓதியவர்கள் அறிந்த செய்தி. அதனை ஈண்டு விரித்தல் நம் நோக்கமன்று. மற்றொன்று வரலாறு பற்றியது. அதற்கு நாம் சொன்ன விடை பிழை. பிழையான விடையை மாணவனுக்குக் கொடுத்த ஆசிரியர் அதைத் திருத்தித் தரக் கடமைப்பட்டவர். இக்கட்டுரை அந்தத் திருத்தமே ஆகும்.

பிழை தெரியவந்தது எப்படி? முற்கால அரபு அறிஞர்கள் கணிதக் கல்வியை நான்காகப் பகுத்தனர்: எண்ணியல், வடிவியல், வானியல், இசையியல். இக்வானுஸ் ஸஃபா எனப்படும் பஸராக் குழுவினரின் நிருபங்களிலும் கணிதப் பகுதியிலேயே இசை பற்றிய நிருபம் இடம்பெறுகிறது. நாம் பயின்ற பாடத்திட்டத்தில் முதல் மூன்றும் ஏதோ ஓரளவு இருந்தன. நான்காவதன் பெயர்கூட இல்லை. இந்த நான்காவதில் என்னதான் இருந்தது என்று அறியும் ஆவலால் அல்-ஃபாராபி (மறைவு ஹிஜ்ரி 339, கி.பி. 950) எழுதிய "கிதாபுல் மூஸீக்கல் கபீர்" பற்றிப் படிக்கத் தொடங்கினோம். பாட்டையும் கூத்தையும் எதிர்பார்த்த நமக்கு அங்கே கிடைத்தவை கைவிரல்களின் பெயர்கள்!

உடனே அம்மாணவன் நினைவுக்கு வந்தான். இப்போது வளர்ந்துவிட்டான், கிதாரை அவன் கைவிடவில்லை. நாம் சென்றிருந்த வேளையில் அவன் ஒரு சுரக்கூட்டைப் பழகிக்கொண்டிருந்தான். 'கார்டு' என்று வழங்குவார்களே, பல சுரங்களை ஒரே வீச்சில் ஒலிக்கச் செய்வது, அது. அவன் பழகியதற்கு 'ஏ மைனர் சிக்ஸ்த்' என்று பெயர். ஏ, சி, ஈ, எஃப் ஷார்ப் என்னும் நான்கு சுரங்கள். ஏ என்பதைச் சட்ஜமாகக் கொண்டால், சட்ஜம், சாதாரண காந்தாரம், பஞ்சமம், சதுசுருதி தைவதம் என்று நம் நாட்டார் சொல்வர். சிவரஞ்சனி இராகத்தின் ஐந்து சுரங்களில் ரிஷபத்தை மட்டும் விட்டுவிட்டால் எஞ்சுவன இந்த நான்கே. நம் இராகத்தில் அவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வரும். கிதாரில் நான்கும் ஒருசேர எழும்.

கையின் நிலை வருமாறு: ஐந்தாம் தந்தி அழுத்தப்படாமல் திறந்து ஒலிக்க வேண்டும். நடுவிரல் நான்காம் தந்தியின் இரண்டாம் மெட்டில். மோதிரவிரல் மூன்றாம் தந்தியின் இரண்டாம் மெட்டில். சுட்டுவிரல் இரண்டாம் தந்தியின் முதல் மெட்டில். (வீணையில் வழங்கும் 'மெட்டு' என்ற சொல்லையே கிதாருக்கும் கொள்கிறோம்.) இவ்வளவில் அது வெறும் 'ஏ மைனர்'. முதல் தந்தியின் இரண்டாம் மெட்டில் சுண்டுவிரலை ஊன்றியதும் 'சிக்ஸ்த்' ஆகிறது. ஊன்றுவதுதான் அரிது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒன்றை விட்டு ஒன்று தனியே இயங்க மறுப்பவை. மூன்று விரல்கள் ஒரே மெட்டில் நெருக்கியடித்து நிற்க, அவற்றின் நடுவே புகுந்து ஒரு மெட்டுப் பின்னால் நிற்கும் சுட்டுவிரல் வில்லாக வளைய வேண்டும். சற்றுச் சாய்ந்தாலும் பக்கத்துத் தந்தியைத் தொட்டு ஊமையாக்கிவிடும். பையனின் விரல் நுனிகள் சிவந்து காய்ப்பேறியிருந்தன. "சுண்டுவிரல்தான் ஹஜ்ரத் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறது" என்றான்.

அரபியில் சுண்டுவிரலுக்கு 'கின்ஸிர்' என்று பெயர். ஆயிரம் ஆண்டுகட்கு முன் பக்தாதில் அது ஒரு சுரத்தின் பெயருமாகும்.

'ஊத்' எனும் அரபு யாழுக்கு அக்காலத்தில் நான்கு நரம்புகள். தடித்ததற்குப் பெயர் பம், மெல்லியதற்கு ஜீர், இவ்விரண்டும் பாரசீகச் சொற்கள். இடைப்பட்டவை மஸ்லஸ், மஸ்னா. மூன்று, இரண்டு என்னும் எண்ணுப் பொருள் இவற்றில் இருப்பதை அரபி இலக்கணம் தொடங்கிய பிள்ளையும் சொல்லிவிடும். ஒவ்வொரு நரம்பும் அடுத்ததற்கு நான்காம் சுரமாகச் சுருதி கூட்டப்பட்டது. இன்றைய கிதாரின் ஆறு தந்திகளும் ஓரிடம் தவிர அவ்வாறே கூட்டப்படுகின்றன. நரம்பில் எந்த விரல் எங்கே ஊன்றுகிறதோ, அவ்விரலின் பெயரே அச்சுரத்திற்கும் பெயராயிற்று. அழுத்தாத நரம்பு முத்லக். சுட்டுவிரலிடம் ஸப்பாபா, நரம்பின் ஒன்பதில் ஒரு பங்கைக் கழித்த இடம் அது. மோதிரவிரல் பின்ஸிர், சுண்டுவிரல் கின்ஸிர், நரம்பில் கால் பங்கைக் கழித்த இடம். இவற்றில் யாருக்கும் வழக்கில்லை. வழக்கெல்லாம் நடுவிரலைப் பற்றியே!

நடுவிரலுக்குப் பெயர் வுஸ்தா. 'ஸலாத்துல் வுஸ்தா' என்று நாம் ஓதும் அதே சொல். நடுவானது என்று பொருள். நடுத்தொழுகை எதுவென்பதில் முஃபஸ்ஸிர்கள் பல கருத்துரைத்தது போலவே, நடுவிரல் எங்கே ஊன்றுவது என்பதிலும் இசைவல்லார் பிரிந்து நின்றனர் என்பது நமக்கு வியப்பையும் புன்னகையையும் ஒருங்கே தந்தது. மைனர் கூட்டுகளுக்கு அந்தச் சோக நிறத்தைத் தரும் சாதாரண காந்தாரம் இருப்பது இந்த வுஸ்தாவின் இடத்தில்தான். ஆகவே வழக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பழைய வுஸ்தா என ஒன்று இருந்தது. நரம்பின் 32 பங்கில் 5 பங்கைக் கழித்த இடம். பாரசீக வுஸ்தா இரண்டாவது. ஸப்பாபாவுக்கும் பின்ஸிருக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சரிபாதியாக்கி அங்கே மெட்டுக் கட்டினர். மூன்றாவது, ஹாரூன் ரஷீத் காலத்தில் புகழ்பெற்றிருந்த ஊத் வித்தகர் ஜல்ஜல் கண்டது. அவர் அந்தப் பாரசீக வுஸ்தாவுக்கும் பின்ஸிருக்கும் இடையே மீண்டும் பாதியை எடுத்தார். அவருடைய சுரம் சாதாரண காந்தாரமும் அன்று, அந்தர காந்தாரமும் அன்று. இரண்டுக்கும் நடுவே நிற்பது. இம்மூன்றையும் அல்-ஃபாராபி பொறுமையாக அளந்து வைத்திருக்கிறார். ஒன்றைச் சரி என்றும் மற்றதைத் தவறு என்றும் அடித்துத் தள்ளாமல், வழக்கில் உள்ளவை இவை என்று அவர் கணக்கிட்ட நேர்மையை நாம் மிகவும் மதிக்கிறோம்.

65 சென்டிமீட்டர் நீளமுள்ள கிதார்த் தந்தியில் இவ்விடங்களைக் குறித்துப் பார்த்தோம். பழைய வுஸ்தா தலைக்கட்டையிலிருந்து சுமார் 10.2 சென்டிமீட்டர், பாரசீக வுஸ்தா 10.4, ஜல்ஜலுடையது 12. இக்காலக் கிதாரின் மூன்றாம் மெட்டு நிற்பதோ 10.3 சென்டிமீட்டரில். ஒரு சுருதிமண்டலத்தைப் பன்னிரண்டு சமகூறுகளாக்கும் ஐரோப்பியக் கணக்கினால் அமைந்த மெட்டு அது. ஆயிரம் ஆண்டு முந்திய பாரசீக வுஸ்தாவுக்கும் அதற்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரை எட்டாது. இதிலிருந்து, ஐரோப்பியர் நம்மவரிடமிருந்து திருடிவிட்டனர் என்று மேடை முழங்கும் அன்பர்கள் உண்டு. நாம் அக்கூட்டத்தில் சேரமாட்டோம். ஒரே நரம்பை இரு சாரார் இரு வழியில் அளந்து ஏறத்தாழ ஓரிடத்தை அடைந்தனர், அவ்வளவே.

ஆனால் கருவி வந்த வழியில் நம் முன்னோரின் அடிச்சுவடு உண்டு என்பது மறுக்க முடியாதது. பக்தாதில் பயின்ற ஜிர்யாப் கி.பி. 822இல் குர்துபா சென்றடைந்தார். ஊத்துக்கு ஐந்தாம் நரம்பு சேர்த்தவர் என்றும், மரக்குச்சிக்குப் பதிலாகக் கழுகிறகால் மீட்டியவர் என்றும் ஸ்பெயினின் அரபு வரலாற்றாசிரியர்கள் அவரைப் புகழ்கின்றனர். 'அல்-ஊத்' என்ற சொல்லே ஐரோப்பாவில் 'லூட்' ஆயிற்று என்பதில் ஐயமில்லை. கிதாரின் கதை இவ்வளவு நேரானதன்று. அதன் பெயர் கிரேக்கரின் 'கித்தாரா'விலிருந்து அரபியின் 'கீத்தாரா' வழியே ஸ்பானிய மொழிக்கு வந்திருக்கலாம் என்பர். பதினான்காம் நூற்றாண்டு ஸ்பெயினில் மூரியக் கிதார், இலத்தீன் கிதார் என இரு வகைகள் இருந்தன. இன்றைய கிதாரின் உருவத்தை வரையறுத்தவர் அன்டோனியோ டி டோரஸ் (1817–1892) என்னும் ஸ்பானியக் கைவினைஞர். தந்தை வழி, தாய் வழி இரண்டும் கலந்த பிள்ளை அது. 'வெள்ளைக்காரன் கருவி' என்று அதை ஒரே சொல்லில் அடைத்துவிட முடியாது.

இனிக் கூட்டுக்கு வருவோம். இங்கே நம்மவருக்கு உரியதையும் பிறருக்கு உரியதையும் பிரித்துச் சொல்வதே நியாயம். இப்னு ஸீனா தம் 'ஷிஃபா'வின் இசைப் பகுதியில், ஒத்திசையும் இரு சுரங்களை ஒரே மீட்டலில் கலந்தொலிக்கச் செய்யும் அழகைத் 'தர்கீப்' என்று குறிக்கிறார். நஹ்வுப் பாடத்தில் வாக்கியத்தைப் பிரித்துச் சேர்த்துக் காட்டுவதற்கு நாம் வழங்கும் அதே சொல்! ஆயினும் அவருக்கு அது ஓர் அணிகலன் மட்டுமே. இசையின் உடம்பு தனிச் சுரங்களின் நடையே. கூட்டுகளையே இலக்கணமாகக் கொண்டு ஓர் இசைமுறையைக் கட்டியெழுப்பியவர்கள் ஐரோப்பியர்.

அதுவும் எளிதில் நடந்துவிடவில்லை. இடையூறாக நின்றவை மூன்றாம் சுரமும் ஆறாம் சுரமும். தமிழ் மரபும் இதையே சொல்வது நினைந்து மகிழத்தக்கது. சிலப்பதிகார உரைகளில் நரம்புகளின் உறவை இணை, கிளை, பகை, நட்பு என வகுத்துள்ளனர். நின்ற நரம்புக்கு ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை. நம் மாணவனின் நான்கு சுரங்களைத் தமிழ்ப் பெயரில் சொன்னால் குரல், கைக்கிளை, இளி, விளரி. அதாவது ஒரு நின்ற நரம்பு, அதன் கிளை, அதன் பகை இரண்டும்! ஐரோப்பாவிலும் எட்டு, ஐந்து, நான்கு ஆகியவையே முழு இசைவு. மூன்றும் ஆறும் நெடுங்காலம் அரைகுறை உறவினராகவே வாசலில் நின்றன. இத்தாலிய அறிஞர் ஸார்லீனோ 1558இல் வெளியிட்ட நூலில், ஐந்துக்கு நான்கு, ஆறுக்கு ஐந்து என்னும் எளிய விகிதங்களால் மூன்றாம் சுரங்களுக்கு முறையான இருக்கை அளித்தார்.

பின்னர் நடந்ததில் கிதாருக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. 1606இல் மோன்டெசார்டோ என்பவர் அச்சிட்ட நூலில் கிதாரின் கூட்டுகளை அ, ஆ என்பது போல எழுத்துகளால் குறிக்கும் முறை வந்தது. அதற்கு எழுநூற்றைம்பது ஆண்டு முன்பே அல்-கிந்தி 'அப்ஜத்' எழுத்துகளால் சுரங்களைக் குறித்திருந்தார். வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அல்-கிந்தியின் ஓர் எழுத்து ஒரு சுரம். மோன்டெசார்டோவின் ஓர் எழுத்து ஒரு கையின் முழு நிலை. எழுத்தைப் பார்த்ததும் விரல்கள் அனைத்தும் ஒருங்கே போய் அமர வேண்டும். இன்று நம் பிள்ளைகள் புத்தகத்தில் பார்க்கும் கட்டப்படங்கள் இதன் வழிவந்தவையே.

பிரெஞ்சுக்காரரான ரமோ 1722இல் வெளியிட்ட இசைநூல் கூட்டுகளுக்கு வேர்ச்சுரம் கண்டு இலக்கணம் வகுத்தது. மூன்று சுரக் கூட்டின் மேல் ஆறாவதை ஏற்றிவைக்கும் 'கூட்டிய ஆறு' என்ற கருத்து அவருடையதே. அவர் மேலும் ஒன்று கண்டார்: இத்தகைய நாற்சுரக் கூட்டுக்கு இரு வேர்கள் சொல்லலாம். நம் மாணவனின் நான்கு சுரங்களையே எஃப் ஷார்ப்பைத் தலையாக வைத்து எண்ணினால், அது முற்றிலும் வேறு பெயர் கொண்ட ஏழாம் கூட்டாகிவிடும். சுரம் ஒன்றுகூட மாறாது. முன்னும் பின்னும் வரும் கூட்டுகளே பெயரை முடிவு செய்யும். ஒரு சொல்லை முப்ததாவாகவும் கொள்ளலாம், கபராகவும் கொள்ளலாம் என்று இரு தர்கீப் சொல்லி, பொருத்தத்தால் ஒன்றைத் தேரும் நம் பாட அறைகளில் வளர்ந்தவர்க்கு இது புதிதன்று. வாக்னரின் 'டிரிஸ்டன்' இசைநாடகம் 1865இல் மியூனிக்கில் அரங்கேறியது. அதன் தொடக்கத்தில் வரும் புகழ்பெற்ற கூட்டும், தனியே எடுத்து ஒலித்தால், ஒரு மைனர் சிக்ஸ்த்தின் சுரங்களே. அதற்கு எந்தத் தர்கீப் சரி என்று மேலை நாட்டறிஞர் இன்னும் வாதிட்டு ஓயவில்லை.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த பையன், "இதெல்லாம் எங்கேயோ நடந்தது ஹஜ்ரத், நம் பக்கத்தில்?" என்றான். நம் பக்கத்தில் நடந்ததை நாம் சொல்லவே வேண்டியதில்லை. உத்தமபாளையம் போய்க் கோம்பைச் சாலையில் திரும்பினால் பண்ணைப்புரம். 1943இல் அங்கே பிறந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊரூராகச் சென்று வாசித்தவர். 1968இல் சென்னை சென்று தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையின் எழுத்தும் இலக்கணமும் கற்றார்; கிதாரில் லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார்; ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார், 1976இல் 'அன்னக்கிளி'. 2025 மார்ச் 8ஆம் நாள் அவருடைய சிம்பொனி லண்டனில் அரங்கேறியது. அதே தன்ராஜ் மாஸ்டரிடம் இளமையில் பாடங் கேட்ட மற்றொருவர் ஏ.ஆர். ரஹ்மான். மெட்டும் விகிதமும் கூட்டும், பக்தாதும் குர்துபாவும் பாரிஸும் சுற்றி, சென்னையில் ஓர் ஆசிரியரின் அறைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. பண்ணைப்புரத்துப் பிள்ளை அங்கே சென்று கற்றபோது அது யாருடைய கருவி என்று நின்று விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. நம் மாணவன் விசாரித்தான். நாம் தவறாகச் சொன்னோம். அவன் அதைப் பொருட்படுத்தாமல் வாசித்தது நம் நல்வாய்ப்பு.

அன்று புறப்படுமுன் ஓர் ஆசை எழுந்தது. சட்டைப்பையிலிருந்த அளவுநாடாவைக் கொண்டு அவன் கிதாரின் ஐந்தாம் தந்தியில் 12 சென்டிமீட்டரை அளந்து சுண்ணக்கட்டியால் கோடிட்டோம். மூன்றாம் மெட்டுக்கும் நான்காம் மெட்டுக்கும் நடுவே, மெட்டே இல்லாத இடம். "இங்கே ஒரு சுரம் இருந்தது, ஜல்ஜலுடையது" என்றோம். அவன் அக்கோட்டில் அழுத்திப் பார்த்தான். நான்காம் மெட்டின் ஒலியே கேட்டது. சற்று யோசித்துவிட்டு மூன்றாம் மெட்டில் விரலை ஊன்றி, தந்தியைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளிக்கொண்டே மீட்டினான். சுரம் ஏறிற்று, மைனரைத் தாண்டி, மேஜரை எட்டாமல், நடுவே ஓரிடத்தில் நின்றது.

"இதுவா ஹஜ்ரத்?" என்றான்.

"இன்னும் ஒரு மயிரிழை" என்றோம்.